ஊசி குத்திய இடம்

கர்ப்பப்பையின் உள்சவ்வு மூத்தவளுக்கு மட்டும் பைக்கு வெளியே வளர்ந்து வதைப்பது ஏன் என்று ஆராய, ஒரே அச்சாய்ப் பிறந்த இரட்டையர் இருவரிடமும் ரத்தம் எடுக்கிறார்கள். ஜன்னல் வெயிலில் இரண்டு குழாய்களும் ஒரே சிவப்பாய் மின்னுகின்றன. மூத்தவள் முகம் சுளிக்கவில்லை. மூத்தவளை வதைக்கும் அந்த வலியே அறியாத இளையவள்தான், கையே போய்விட்டதுபோல், "ஐயோ!" என்று அலறுகிறாள். கைப்பையைப் போட்டுவிட்டு ஓடிவருகிறாள் அம்மா. மாதாமாதம் மூத்தவள் குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தபோதெல்லாம், "எல்லாருக்கும் வர்றதுதானே, எழுந்திரு" என்று கதவுக்கு வெளியே நின்றே சொன்னவள், இப்போது இளையவளின் கையை மடியில் வைத்து ஊதுகிறாள். "ரொம்ப வலிக்குதா, கண்ணு?" மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தன் கையிலிருந்த பஞ்சை உதறிவிட்டு, ஊசி குத்திய இடத்தை ரத்தம் கசியும்வரை நசுக்குகிறாள். "அம்மா, எனக்கும் வலிக்குது." அம்மா திரும்பாமலே சொல்கிறாள்: "சும்மா இருடி, இவளுக்கு மயக்கமே வருது."