பத்தாவது மாடி முடிச்சு

பத்தாவது மாடிக் கண்ணாடியை வெளியிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தோம். அடித்த காற்றில், நாங்கள் நின்ற தொங்குபலகை ஒரு பக்கமாகச் சரிந்தது.

"மச்சான், பலகைக் கயித்து முடிச்சை இழுத்துப் பார்த்துட்டல்ல?" என்றான் கூட்டாளி.

முடிச்சுப் போடுவது அவன் வேலை. இழுத்துப் பார்ப்பது என் வேலை. 'பார்த்துட்டேன்' என்று நுனிநாக்கு வரை வந்துவிட்டது. வெளிறிப்போன அவன் முகத்தைப் பார்த்து அப்படியே விழுங்கினேன்.

"இல்லடா. நீ போட்ட முடிச்சுதானேன்னு நான் என்னைக்குமே பார்த்ததில்ல. மன்னிச்சுடு."

திட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவனோ பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு, அழாத குறையாகச் சொன்னான்:

"நீதான் பார்ப்பியேன்னு நான் என்னைக்குமே சும்மா சுத்திவிட்டுட்டுதான்டா வருவேன்!"

மூச்சுவிடக்கூடப் பயந்து நின்றோம்.

கண்ணாடிக்கு உள்ளே ஒரு ஆபீசர், எங்களுக்கு எட்டாத மூலையில் இருந்த கறையைக் காட்டி, இன்னும் கொஞ்சம் நகரச் சொல்லிக் கையசைத்தார்.