மூன்று நிமிடக் கல்

தீவுக்கு மருந்து கொண்டுபோகும் சின்ன விமானத்துக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதை எடைமேடைதான் முடிவு செய்யும். விமானி மருந்துப் பெட்டியோடு அதில் ஏறி நின்றால், அந்த எடைக்கேற்ப, போய்வரும் வழிக்கு வேண்டியதை மட்டும் கணக்காக ஊற்றும். ஒரு சொட்டு கூடத் தராது. குழாயைப் பிடிப்பதோடு பெட்ரோல் நிலைய ஊழியன் அருளப்பனின் வேலை முடிந்தது.

அதனால் விமானி பிரகாசி தினமும் பையில் நான்கு கருங்கற்களோடு ஏறி நிற்பாள். பெட்ரோல் இறங்கியதும் அவற்றைச் சுவரோரம் போட்டுவிட்டுப் பறப்பாள். கல்லின் கனத்துக்கு மூன்று நிமிடம் பறப்பதற்கான பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும். அருளப்பன் கண்டும் காணாமல் இருந்துவிடுவான்.

அன்று சுவரோரத்தில் கற்கள் இல்லை.

“என் கல்லு எங்கண்ணே?”

“அதிகாரி சோதனைக்கு வாராராம்மா. நீ மாட்டிக்கக் கூடாதேன்னு நாந்தான் ஒளிச்சு வச்சேன்.”

“சரி, ஒருநாள்தானே” என்று சிரித்துக்கொண்டே ஏறினாள்.

அதிகாரி வரவேயில்லை. மதியம் எதிர்காற்று வலுத்தது. திரும்பி வந்த விமானம் கரையை எட்டிவிட்டதாகத் தெரிந்தபோது அதன் இரைச்சல் சட்டென்று அடங்கியது. தேடிப்போன படகுகள் ஓர் இறக்கையை மட்டும் கொண்டுவந்தன.

சாயங்காலம் அருளப்பன் ஒளித்துவைத்த கற்களை எடுத்துவந்து எடைமேடையில் வைத்தான். குழாய் திறந்துகொண்டது. மூன்று நிமிடத்துக்கான பெட்ரோலை அவன் காலடியில் கொட்டிவிட்டு நின்றது.