அதே வண்டி

திரையில் இரண்டு கோப்புகள் இருந்தன.

மேலே இருந்தது, அந்தக் காரின் இன்ஜினை இயக்கும் சிறு கணினியிலிருந்து அவள் எடுத்து வைத்த அசல் கோப்பு. கீழே இருந்தது, டீசலின் அளவையும் காற்றின் அழுத்தத்தையும் வரி வரியாகத் திருத்தி அவள் உருவாக்கிய புதிய கோப்பு.

காருக்குள் அவள் தவறுதலாக ஏற்றியிருந்தது மேலே இருந்த கோப்பு.

அவள் மறுபடியும் பார்த்தாள். ஐயமில்லை.

கார் பட்டறையில் இல்லை. ரத்தினசபாபதி அதை எடுத்துக்கொண்டு, மனைவியையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, எதிரே உள்ள புறவழிச்சாலையில் சோதித்துப் பார்க்கப் போயிருந்தார்.

எதுவுமே மாற்றப்படாத காரை.

அவள் புதிதாகத் திறந்த பட்டறைக்கு அவர்தான் முதல் வாடிக்கையாளர். சூலூரில் அரிசி மண்டி வைத்திருப்பவர். அவர் ஒரு சொல் சொன்னால் மண்டிக்காரர்களின் கார்கள் வரிசையாக வரும். ஒரு சொல் சொன்னால் வராமலும் போகும். வாசலில், 'கார்களுக்கு வேகம் கூட்டித் தரப்படும்' என்ற பலகையில் பெயின்ட் இன்னும் விரலில் ஒட்டியது.

மன்னிப்புக் கேட்பதற்கான வாக்கியத்தை அவள் மனத்துக்குள் அமைக்கத் தொடங்கினாள்.

பொறுத்தருள வேண்டும் என்று தொடங்குவதா? தவறு என்னுடையது என்று தொடங்குவதா?

கார் வந்து நின்றது.

அவர் இறங்கினார். முகம் வியர்த்து மின்னியது.

"அம்மிணி, இதானுங்க வண்டி. இத்தன நாளா மாட்டுவண்டியத்தான் ஓட்டிட்டு இருந்திருக்கேன்."

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். மேலே இருந்த கோப்புதான்.

அவருடைய மனைவி மரகதம் மெல்ல இறங்கினார். ஜன்னலுக்கு மேலுள்ள பிடியை நெடுநேரம் பற்றியிருந்த கையை மற்றொரு கையால் பிசைந்துகொண்டார்.

அவளுக்கு விளங்கவில்லை.

பெங்களூரில் இந்த வேலையைக் கற்றபோது, எண்களைவிட முதுகை நம்பு என்று சொல்லித்தந்தார்கள். கார் பாயும்போது இருக்கை முதுகைத் தள்ளும். அதுவே சாட்சி.

அவருடைய முதுகும் இப்போது சாட்சி சொல்கிறது.

அப்படியானால், இதுவரை தன் முதுகு சொன்னவை எல்லாம் பொய்யா?

உண்மையைச் சொன்னால் அந்த முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் அவளுடைய வேலை அந்தக் காருக்குள் போகவே போகாது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். சின்ன வேலை ஒண்ணு மிச்சம் இருக்குங்க."

கேபிளை மாட்டினாள். இம்முறை கீழே இருந்த கோப்பு. எழுதி முடியும்வரை திரையில் அதன் பெயரின் மீதிருந்து விரலை எடுக்கவில்லை.

உண்மையான வேலையை அவர் உணராமல் போய்விட்டால்?

"இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க சார். கொஞ்சம் மெதுவா."

"மெதுவாப் போறதுக்கு உங்ககிட்ட எதுக்குங்க வரோணும்?" அவர் சிரித்தார். "மரகதம், ஏறு."

"நீங்களே போய்ட்டு வாங்க. எனக்கு ஒரு தடவை போதும்."

கார் வாசலைத் தாண்டி இணைப்புச் சாலையில் திரும்பியது. மரகதம் செருப்பைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் காலை மடித்து வைத்து அமர்ந்தார்.

"வண்டிக்கு நீ ஒண்ணுமே பண்ணலதானே கண்ணு?"

அவள் நிமிர்ந்தாள்.

"வாங்குன நாள்ல இருந்து பக்கத்துல உக்காந்துட்டு வர்றேன். சத்தம் அதேதான். இன்னைக்குத்தான் மனுசன் ஆக்சிலேட்டர்ல காலை அழுத்தி வெச்சாரு. இத்தன நாளா மிதிச்சதே இல்ல. கேட்டா, இப்பத்தான் மிதிச்சாப் போகுதுங்கறாரு."

மாறியது கால்.

கார் அல்ல. அவளுடைய முதுகு பொய் சொல்லவில்லை. மனம் ஒரு கணம் லேசானது.

மறு கணம் அவளுக்கு உறைத்தது.

அதே கால்தான் இப்போதும் மிதிக்கும். அதே அளவு. ஆனால் இப்போது காரும் மாறிவிட்டது.

கைப்பேசியை எடுத்து அவருடைய எண்ணை அழுத்தினாள். மணி, அவளுடைய மேசையின் மேலேயே ஒலித்தது. அவர் அதை அங்கே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

புறவழிச்சாலையிலிருந்து சத்தம் வந்தது. முதலில் தாழ்வாக. பிறகு தடித்து, உயர்ந்து, நிற்கும் என்று நினைத்த இடத்தில் நில்லாமல் மேலும் உயர்ந்தது.

இந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் அவள் இந்தப் பட்டறையைத் திறந்தாள்.

மரகதம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அது நம்ம வண்டி இல்லியே."

பிறகு சாலையைப் பார்த்தபடியே காலை இறக்கி, செருப்பைத் துழாவினார்.