சாத்திய கதவு

வட்டக்கச்சியில் பொழுது படுகிற நேரம். அம்மம்மா செத்த எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு அறைக்குள் படைத்துவிட்டு, அவா வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, எல்லாரும் விறாந்தையில் சத்தமில்லாமல் நிற்கிறார்கள். கதவின் கீழ் இடுக்கால் குத்துவிளக்கின் வெளிச்சம் மஞ்சள் நூலாகக் கசிகிறது. கூடவே மீன் குழம்பின் வாசனையும். செத்தவருக்குப் பிடித்ததைத்தான் படைக்கவேண்டும். "மாமா, அம்மம்மாவுக்கு என்ன விருப்பம்?" என்று காலையில் குசினி அடுப்படியில் நின்று பிரியந்தினி கேட்டபோது, குகதாசன் மாமா நெற்றியைத் தடவினார். "இடம்பெயர்ந்து திரிஞ்ச காலம் முழுக்க, எனக்குப் பசிக்கேல்லை, நீங்கள் சாப்பிடுங்கோ எண்டுதானே சொன்னவா. வீடு கட்டி வந்த பிறகும் அதுதான் கதை." கடைசியில் மாமாவுக்குப் பிடித்த மீன் குழம்பும், பிரியந்தினிக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியலும், அவளின் மகளுக்குப் பிடித்த உளுந்து வடையும் இலைக்குப் போயின. இப்போது காற்றில்லை. வயல் பக்கம் ஆட்காட்டிக் குருவி ஒன்று கத்தி ஓய்கிறது. மாமா தோளில் கிடக்கும் துவாயின் நுனியைத் திருகிக்கொண்டே இருக்கிறார். பிரியந்தினியின் இடுப்பில் இருக்கும் சின்னவள் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொல்கிறாள்.

"அம்மா, பசிக்குது."

மாமா திடுக்கிட்டுக் கதவைப் பார்க்கிறார். உள்ளே அம்மம்மா இலையில் கை வைத்திருந்தால், இதைக் கேட்ட மாத்திரத்தில் எழும்பிவிடுவா. பிரியந்தினி மகளின் வாயை இறுக்கிப் பொத்துகிறாள்.