அறிவுக்குப் பதினாறு வயது

பல் சீரமைப்பில் மேற்படிப்பு படிக்கிற தமிழ்மொழி, லீவுக்கு வந்த இடத்தில், ஆலைக் குவார்ட்டர்ஸ் ஜன்னல் கண்ணாடியில் ஓர் எக்ஸ்ரேயை டேப் போட்டு ஒட்டியிருக்கிறாள். பிற்பகல் வெயில் அதன் பின்னாலிருந்து அடிக்க, பக்கவாட்டில் திரும்பிய தலை ஒன்று வெளுத்துத் தெரிகிறது. தம்பி அறிவுச்செல்வனின் தலை. பதினாலு வயதில் பல்லுக்குக் கம்பி கட்டுவதற்காக எடுத்தது. கட்டுவதற்குள் ஒரு காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. அதாயிற்று இரண்டு வருடம். வளரும் பிள்ளையின் முகம் இரண்டு வருடத்தில் எப்படி மாறும் என்று கணித்து வரைந்து கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும், அதுதான் லீவுக்குக் கொடுத்த பாடம். அதற்கென்று கல்லூரியில் கொடுத்தனுப்பிய வேறொரு பிள்ளையின் எக்ஸ்ரே பைக்குள்ளேயே கிடக்கிறது. எக்ஸ்ரேயின்மேல் மெல்லிய தாளை வைத்து, இருக்கிற முகத்தைக் கறுப்புப் பென்சிலால் வரைந்து முடித்துவிட்டாள். வரப்போகிற முகத்துக்குச் சிவப்பு. தாடை இரண்டு மில்லிமீட்டர் முன்னே வருகிறது, மூக்கு நீள்கிறது. ரெண்டாவது ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிறது. ஜன்னல் கம்பியில் படிந்த கரித்தூளைத் துடைக்க வந்த அம்மா வீரம்மாள், துணியும் கையுமாக அப்படியே நிற்கிறாள். “யாருடி இது, அறிவா?” “ஆமாம்மா. இப்ப இருந்தா இப்படித்தான் இருப்பான்.” அம்மாவின் விரல் தாளில் படாமல், சிவப்புக் கோட்டோடு கூடவே நெற்றியிலிருந்து மோவாய்வரை இறங்குகிறது. “உங்கப்பா மூக்கு வந்துக்கினு இருக்குது பாரு.” சங்கு ஓய்கிறது. தமிழ்மொழி பென்சிலைக் கீழே வைக்கப் போகிறாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். “வெச்சிடாதடி. இன்னும் ரெண்டு வருசம் போடு.”