வட்டத்துக்குள் ஒரு பை

ரேஷன் கடை வாசலில் கொரோனாவுக்குப் போட்ட வட்டங்கள் மங்கிப்போயிருந்தன; ஆனாலும் வட்டம் மாறி யாரும் நிற்பதில்லை. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த அமலோற்பவத்துக்கு முன்வட்டத்தில், கல் வைத்த துணிப்பை ஒன்று மட்டும் நின்றது.

“யாரு பைங்க இது?”

“ரஞ்சிதம் அக்காவோடது,” என்றார் பின்னால் நின்றவர். “கொரோனா நேரத்துல இங்கேருந்து ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது, ‘இடத்தைப் பார்த்துக்கோங்க, வந்துடறேன்’னு சொல்லிட்டுப் போனவங்கதான். எடுத்துப்போட யாருக்கும் மனசு வரல. பை முன்னாடி வந்துட்டா, திரும்பக் கடைசியில வெச்சிருவோம்.”

அப்போதுதான் கார்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது அமலோற்பவத்துக்கு உறைத்தது. வீடு பக்கம்தான். தன் பையைக் கீழே வைத்து, அதன்மேல் வைக்க ஒரு கல்லையும் தேடி எடுத்தாள். சொல்லிவிட்டுப் போகலாம் என்று திரும்பி வாயைத் திறந்தாள்.

அவர் பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார்.

“ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. பையையும் எடுத்துட்டுப் போயிடுங்க.”