நல்ல வார்த்தை

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வார்டில் காலை வெயில் ஜன்னல் கம்பி வழியே கன்னியம்மாவின் கட்டிலில் விழுந்து கிடக்கிறது. சலைன் சொட்டுவதையே பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார் அவள் புருஷன் சிங்காரம். நேற்றுவரை அவரை வெளியே விரட்டிக்கொண்டிருந்த நர்ஸ், இன்று தோளைத் தொட்டு, "நம்பிக்கையா இருங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவர் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொள்கிறார். கடலுக்குப் போன படகு திரும்பாவிட்டால் அவருடைய மீனவக் குப்பத்திலும் இப்படித்தான். சண்டைக்காரன்கூட அந்த வீட்டு வாசலில் வந்து நின்று நல்ல வார்த்தை பேசுவான். இனி வராது என்று மனசுக்குள் முடிவான பிறகுதான் கரையில் எல்லோருக்கும் அந்த இதமான குரல் வரும். மகள் அனு கட்டிவிட்ட அம்மன் கயிறும் பக்கத்துக் கட்டில்காரி தடவிய ஜெப எண்ணெயும் கன்னியம்மாவின் மணிக்கட்டில் ஒன்றாய்ப் பளபளக்கின்றன. இரண்டையும் அவர் நம்பவில்லை. அவள் கண்ணைத் திறக்கிறாள். "இன்னாயா, பொணத்துக்குக் காவல் குந்தினு கீற மாதிரி மூஞ்சி? போய் நாஸ்தா துன்னு." சிங்காரத்துக்கு மூச்சு வருகிறது. "வாய் மட்டும் கொறையல உனுக்கு" என்கிறார். திட்டிக்கொண்டே அவளுடைய சலைன் ஏறாத கை நீண்டு, அவர் சட்டையில் போடாமல் விட்ட பொத்தானைப் போட்டுவிடுகிறது. கல்யாணமான நாளிலிருந்து அவள் செய்யாத வேலை அது. அந்த விரல்களை அவர் சந்தேகமாகப் பார்க்கிறார். விலக்கவும் மனசில்லை.